பந்தும் பிள்ளையும்



சென்ற திங்களில் ஒரு ஞாயிறு மாலை, திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், கோயிலின் பக்கவாசலில் ஒரு தாய் எனக்காகக் காத்திருந்தார். கையில் பதினொரு வயது மகனைப் பிடித்திருந்தார். பையன் நம் பீடச் சிறுவர்களுள் ஒருவன், மணியடிப்பதில் கெட்டிக்காரன். அன்று தலையைக் குனிந்தபடியே நின்றான்.

"சாமி, இவனுக்கு ஒரு வார்த்தை நீங்கள் சொல்லவேண்டும். காலால் எதைக் கண்டாலும் உதைத்துக்கொண்டிருந்தவன், இரண்டு வாரமாகப் பந்து விளையாடப் போகமாட்டேன் என்கிறான். விடியற்காலையில் எழுப்பினால் வயிற்றுவலி என்கிறான். டாக்டரிடம் காட்டினேன், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். பணம் கட்டியாயிற்று, பூட்சு வாங்கியாயிற்று. எல்லாம் சோம்பல்தான் சாமி!"

அந்த அம்மையாரைச் சற்று அப்பால் நிற்கச் சொல்லிவிட்டுப் பையனிடம் பேசினேன். முதலில் வாய் திறக்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னான்: "சாமி, நான் வரிசையில்தான் நிற்கிறேன். ரொம்ப நேரம் நின்ற பிறகு ஒரு முறை பந்து வரும். அப்போது தப்பாக உதைத்துவிட்டால், கோச் சார் எல்லாருக்கும் முன்னால் எருமை என்று கூப்பிடுகிறார். இப்போது பள்ளிக்கூடத்திலும் பையன்கள் அப்படியே கூப்பிடுகிறார்கள்."

நோய் வயிற்றில் இல்லை என்று மருத்துவர் சொன்னது உண்மைதான். நோய் எங்கே இருந்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இதைப் பற்றி நான் இருவர் மூவரிடம் பேச்சுவாக்கில் கேட்டதுதான் தாமதம், வெள்ளம் மடை திறந்ததுபோல் ஆயிற்று. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே பயிற்சியாளர் என்றார் ஒருவர். சேர்க்கும்போது ஒருவரைக் காட்டினார்கள், இப்போது கற்றுக்கொடுப்பவர் வேறொருவர் என்றார் இன்னொருவர். பெரிய உடம்புள்ள நாலு பிள்ளைகளே எல்லாப் போட்டியிலும் ஆடுகிறார்கள், என் பிள்ளை தண்ணீர்ப் புட்டி தூக்குகிறான் என்று ஒரு தகப்பனார் வருந்தினார். "அவரிடமே நேரில் சொன்னீர்களா?" என்று கேட்டேன். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "சொன்னால் பிள்ளையை ஓரங்கட்டிவிடுவார்கள் சாமி." வாட்சாப் குழுவில் இரவெல்லாம் புகை, மைதானத்தில் மட்டும் புன்னகை! இந்த மௌனத்தைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நம் புதுவைக்குப் பந்தாட்டம் புதிதன்று. 1954இல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறி, 1962இல் இணைப்புச் சட்டப்படி நிறைவேறிய பின்னரும், பெத்தாங் குண்டைப் போலவே பந்தும் நம் தெருக்களைவிட்டுப் போகவில்லை. 2018 ஜூலையில் பிரான்சு இரண்டாம் முறையாக உலகக் கோப்பையை வென்ற இரவில், நம் ஊரிலும் உறங்காமல் மகிழ்ந்தவர்கள் பலர். கடலோரக் குப்பங்களில் மணலே மைதானம். இரண்டு செருப்புகளே கோல் கம்பம். எங்கள் காலத்தில் எங்களுக்குக் கோச் என்று ஒருவர் இல்லை. பள்ளியில் டிரில் மாஸ்டர் இருந்தார், அவர் விசில் ஊதினால் தொடங்குவோம், ஊதினால் நிறுத்துவோம். மற்றதெல்லாம் மூத்த பையன்களைப் பார்த்துக் கற்றதுதான்.

இன்று தெருவில் வண்டிகள் நிறைந்துவிட்டன, வெற்றிடங்கள் வீடாகிவிட்டன. ஆகவே உப்பளத்து விளையாட்டரங்கத்துக்கும், லாஸ்பேட்டை மைதானத்துக்கும், வாடகைக்கு விடும் செயற்கைப் புல்தரைகளுக்கும் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு செல்கிறோம். முன்பு தெரு இனாமாகத் தந்ததை இன்று மாதக் கட்டணம் செலுத்தி வாங்குகிறோம். அதில் தவறில்லை. ஆனால் காய்கறி வாங்கும்போது கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நாம், பிள்ளையை ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது சீருடையின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோமே, அதுதான் தவறு.

பின் எதைப் பார்ப்பது? பந்தாட்ட வல்லுநன் அல்லேன் நான். எனினும் கற்றவர்களிடம் கேட்டும், படித்தும், ஒரு மாலை நேரில் சென்று வேலியோரம் நின்று பார்த்தும் அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, எண்ணிப் பாருங்கள். பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, உங்கள் பிள்ளை எத்தனை முறை பந்தைத் தொடுகிறான் என்று எண்ணுங்கள். நீச்சல் கற்கும் பிள்ளை தண்ணீரில் இருக்கவேண்டும். பந்து கற்கும் பிள்ளை பந்தோடு இருக்கவேண்டும். நான் நின்று பார்த்த அன்று, ஒரு பையன் ஏறத்தாழ கால் மணி நேரத்தில் மூன்று முறைதான் தொட்டான். பந்தாட்டத்தில் முன்னேறிய நாடுகள் சிறு பிள்ளைகளைப் பெரிய மைதானத்தில் பதினொருவராக நிறுத்துவதை விட்டுவிட்டன. இங்கிலாந்தில் எட்டு வயதுக்குட்பட்டவர்கள் பக்கத்துக்கு ஐவராகவும், பத்து வயதுக்குட்பட்டவர்கள் எழுவராகவும், பன்னிரண்டுக்குட்பட்டவர்கள் ஒன்பதின்மராகவும் ஆடுகிறார்கள். ஜெர்மனியில் 2024-25 பருவம் முதல், மிக இளைய பிள்ளைகளுக்குச் சிறு ஆடுகளம், சிறு அணி என்பது கட்டாயமாயிற்று. காரணம் எளியது: ஆள் குறைந்தால் ஒவ்வொரு காலுக்கும் பந்து கிடைக்கும், பலசாலி ஒருவனே எல்லாவற்றையும் ஆட முடியாது.

இரண்டாவது, கற்பிப்பவர் கற்றவரா என்று கேளுங்கள். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்தும் 'டி' சான்றிதழ்ப் பயிற்சி உண்டு. அதற்கு மேல் ஆசியக் கூட்டமைப்பின் 'சி', 'பி', 'ஏ' என்னும் படிகள் உள்ளன. 1961இல் பாட்டியாலாவில் நிறுவப்பெற்ற தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர்களுக்குப் பட்டயம் அளிக்கிறது. சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி 1920 முதல் ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது. "ஐயா, நீங்கள் எங்கே பயின்றீர்கள்?" என்று பணிவோடு கேட்பது அவமதிப்பாகாது. நல்ல ஆசிரியர் அக்கேள்வியால் மகிழ்வார். ஒன்றை மட்டும் மறவாதீர்: மாநில அணிக்கு ஆடியவர் என்பதாலேயே ஒருவர் பத்து வயதுப் பிள்ளைக்குக் கற்பிக்க வல்லவர் ஆகிவிடமாட்டார். நன்றாகப் பாடுகிறவர் எல்லாரும் பாட்டு வாத்தியார் ஆகிவிடுகிறார்களா?

மூன்றாவது, காதைத் தீட்டிக் கேளுங்கள். பிள்ளை தவறு செய்தவுடன் பயிற்சியாளர் வாயிலிருந்து வருவது என்ன? அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சிறுவர் பேஸ்பால் அணிகளை ஆராய்ந்து 1992இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில பயிற்சியாளர்களுக்கு மட்டும் ஒரு சிறு வகுப்பு நடத்தினார்கள்: தவறு நேர்ந்தால் முதலில் தேற்று, பிறகு திருத்து, வெற்றியை மட்டுமன்றி முயற்சியையும் பாராட்டு, ஏசாதே. இவ்வளவுதான் பாடம். அடுத்த ஆண்டு பார்த்தபோது, அந்த வகுப்புக்கு வராதவர்களிடம் ஆடிய பிள்ளைகளில் நூற்றுக்கு 26 பேர் விளையாட்டையே விட்டிருந்தார்கள்; வந்தவர்களிடம் ஆடியவர்களில் விட்டவர் நூற்றுக்கு 5 பேர்தான். இரு சாரார் அணிகளின் வெற்றி தோல்விக் கணக்கிலோ வேறுபாடு இல்லை! ஏசினால்தான் பிள்ளை தேறும் என்று நம்புகிற நம் வீட்டுத் தகப்பனார்களும் இந்த எண்களைச் சிந்திக்கவேண்டும்.

நான்காவது, உடம்பைக் கவனியுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தண்ணீர் கேட்ட பிள்ளைக்கு, "ஓடி முடித்துவிட்டுக் குடி" என்று சொல்வது ஒழுக்கப் பயிற்சியன்று, ஆபத்து. வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலிலும் வரும் வலி பெரும்பாலும் நடிப்பன்று. எலும்பு வளரும் இடத்தில் தசைநார் இழுப்பதால் வருவது. ஓய்வும் மருத்துவர் ஆலோசனையும் தேவை. விளையாட்டு மருத்துவர்கள் ஓர் எளிய கணக்குச் சொல்கிறார்கள்: பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் முறைப்பயிற்சி வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்குப் பத்து மணி நேரம் மிகை எல்லை. மைதானத்தில் முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐந்தாவது, இது எல்லாவற்றிலும் முக்கியம்: பிள்ளையின் பாதுகாப்பு. 2016 நவம்பரில் இங்கிலாந்தில் முன்னாள் பந்தாட்டக்காரர்கள், சிறுவயதில் தங்கள் பயிற்சியாளர்களால் சீரழிக்கப்பட்டதைப் பல ஆண்டு மௌனத்துக்குப் பின் வெளியே சொன்னார்கள். அதைத் தொடர்ந்து நடந்த விசாரணையின் அறிக்கை 2021இல் வெளியாயிற்று. அந்தப் பெற்றோர்களும் நம்மைப்போல் நம்பியே ஒப்படைத்தவர்கள். இதை எழுதும்போது விரல் பிறரை மட்டும் சுட்டவில்லை. திருச்சபையும் தன் சொந்த வீட்டில் இதே பாவத்தைக் கண்டு வெட்கித் தலைகுனிந்திருக்கிறது. ஆகவே சொல்கிறேன்: பயிற்சியின்போது பொறுப்பான பெரியவர் இருவராவது இருக்கவேண்டும். பெண் பிள்ளைகள் ஆடும் இடத்தில் பெண் ஒருவர் இருக்கவேண்டும். பெற்றோர் வந்து பார்க்கக்கூடாது என்று தடுக்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர். பயிற்சியாளர் பிள்ளையின் கைப்பேசிக்குத் தனியே செய்தி அனுப்புவது, தனியே வண்டியில் ஏற்றிச் செல்வது, வெளியூர்ப் போட்டியில் தன் அறையில் தங்கவைப்பது ஆகியவை கூடவே கூடாது. ஐயம் எழுந்தால் கழகத்தோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கவேண்டாம். 1098 என்ற எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ உடனே சொல்லுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தவர் தெரிவித்தே ஆகவேண்டும், மறைப்பதும் குற்றம்.

ஆறாவது, வாக்குறுதிகளை நிறுத்துப் பாருங்கள். "உங்கள் பையனைப் பிரான்சுக்கு அனுப்புகிறோம், ஐ.எஸ்.எல். ஆட வைக்கிறோம்" என்று சொல்லித் தனிக் கட்டணம் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை. குமரி மாவட்டக் கடலோர மீனவக் கிராமங்களிலிருந்தும் வடசென்னை வியாசர்பாடியிலிருந்தும் நாடறிந்த வீரர்கள் வந்திருக்கிறார்கள். கோவையில் களம்கண்ட சென்னை சிட்டி அணி 2018-19ஆம் ஆண்டு ஐ-லீக் கோப்பையை வென்றது. இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆயினும் ஆயிரம் பிள்ளைகள் ஆடினால் அவர்களில் பிழைப்பாகக் கொள்பவர் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு எஞ்சுவது நல்ல உடம்பும், நல்ல நண்பர்களும், தோற்கத் தெரிந்த மனமும். அவற்றையும் பறித்துவிடும் பயிற்சி எதற்கு?

இத்தனையும் பயிற்சியாளரைப் பற்றிச் சொன்னேன். நியாயம் என்றால் இரு தட்டும் வேண்டும். நான் வேலியோரம் நின்ற அன்று, பயிற்சியாளர் குரலைவிட ஓங்கிக் கேட்டது ஒரு தகப்பனார் குரல். "அடிடா! உனக்குக் கண் இல்லையா? வீட்டுக்கு வா, பார்த்துக்கொள்கிறேன்!" அந்தப் பிள்ளை பந்தைப் பார்க்கவில்லை, தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஒரு பயிற்சியாளரும் வீட்டில் ஒரு பயிற்சியாளருமாக இருந்தால், அவனுக்குத் தகப்பன் என்று யார் இருக்கிறார்?

என் குற்றத்தையும் மறைக்கலாகாது. இருபது ஆண்டுகளுக்கு முன், நான் துணைப் பங்குத்தந்தையாக இருந்த ஓர் ஊரில், இளைஞர் பந்தாட்டப் போட்டிக்கு நம் பங்கு அணியை நானே நடத்தினேன். ஒரு காலில் சற்று வலுக்குறைந்த பையன் ஒருவன் ஒரு பயிற்சிக்குக்கூடத் தவறாமல் வந்தான். நான்கு ஆட்டங்களிலும் அவனை வெளியே உட்கார வைத்தேன். கோப்பையை வென்றோம், நன்றித் திருப்பலியும் வைத்தோம். அதன் பிறகு அவன் இளைஞர் கூட்டத்துக்கு வரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து விழுப்புரம் பேருந்து நிலையத்தில் என்னை அடையாளம் கண்டு வணக்கம் சொன்னான். மனைவியையும் குழந்தையையும் அறிமுகம் செய்தான். விடைபெறும்போது, "சாமி, அந்தக் கோப்பை இன்னும் அங்கேதான் இருக்கிறதா?" என்று கேட்டான். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பேருந்தில் வீடு வந்து சேரும்வரை அந்த ஒரு கேள்வியே உடன் வந்தது.

பந்தையும் பிள்ளையையும் நம் முன்னோர் எப்படிச் சேர்த்துப் பார்த்தார்கள் என்பதையும் நினைத்துக்கொள்வோம். 1887இல் கிளாஸ்கோ நகரத்தில் வால்ஃபிரிட் என்னும் மரிய சபைச் சகோதரர், ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்க நிதி திரட்டவே செல்டிக் கழகத்தைத் தொடங்கினார். 1908இல் புவனஸ் அயர்ஸ் நகரத்தில், தெருவில் பந்தாடிய சிறுவர்கள் டிராம் வண்டியில் அடிபடாதிருக்க, லொரென்சோ மாசா என்னும் சலேசியக் குரு தம் கோயில் முற்றத்தைத் திறந்துவிட்டார். அந்தப் பிள்ளைகள் அமைத்ததே சான் லொரென்சோ கழகம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் சிறுவயது முதல் நேசித்த கழகம் அதுதான். இருவரும் பந்துக்காகப் பிள்ளைகளைத் தேடியவர்கள் அல்லர்; பிள்ளைகளுக்காகப் பந்தைத் தேடியவர்கள். பயிற்சியாளரை எடைபோட இதைவிட நல்ல படிக்கல் எனக்குத் தெரியவில்லை.

இனி, அந்தத் தாயின் கதைக்கு வருகிறேன். "அம்மா, தனியே போகாதீர்கள், வாட்சாப்பிலும் எழுதாதீர்கள். தோற்ற நாளிலும் போகவேண்டாம். நாலு பெற்றோர் சேர்ந்து, அமைதியான ஒரு மாலையில் போங்கள். குறை சொல்லுமுன் கேள்வி கேளுங்கள்" என்றேன். அப்படியே போனார்கள். அவர்கள் கண்டது அரக்கனை அன்று. இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவரை. நல்ல ஆட்டக்காரர், ஆனால் எந்த வகுப்பிலும் பயிற்சி பெறாதவர். பெற்றோர் கட்டும் பணத்தில் அவர் கைக்கு வருவது சொற்பமே. "நான் சின்னவனாக இருந்தபோது என்னை இப்படித்தான் திட்டினார்கள் அக்கா. திட்டினால்தான் வரும் என்று நினைத்துவிட்டேன்" என்று சொல்லிக் கண் கலங்கினாராம். தமக்குக் கிடைத்ததையே அவர் கொடுத்திருக்கிறார்.

கழகத்தை நடத்துகிறவர்களிடமும் பேசினார்கள். கூடுதலாகப் பத்துப் பந்துகள் வாங்கப்பட்டன. பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து வேறு வேறு வேளையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இளைஞர் 'டி' வகுப்புக்கு விண்ணப்பிக்க, கட்டணத்தில் பாதியைப் பெற்றோர்கள் திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குறை கூறப் போனவர்கள் கைகொடுத்துத் திரும்பினார்கள். எல்லா இடத்திலும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. செவிசாய்க்காத கழகங்களும் உண்டு. அங்கே இருந்து பிள்ளையை அழைத்து வந்துவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

பையன் இன்னும் அங்கே திரும்பவில்லை. அம்மையார் அவனை வற்புறுத்தவும் இல்லை. ஆயினும் சனிக்கிழமைதோறும், மாலை நாலரை மணிக்கு நம் கோயில் வளாகத்துக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன். கோச் இல்லை, கட்டணம் இல்லை, கோப்பையும் இல்லை. பெற்றோர் இருவர் முறைவைத்து உடன் இருக்கிறார்கள். விதி ஒன்றே: வந்தவர் எல்லாரும் ஆடவேண்டும். முதல் நாள் அவன் தூண் மறைவில் நின்றான். இரண்டாம் வாரம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். பந்தை உதைத்தான், அது என் அறைச் சன்னல் கண்ணாடியில் பட்டு உடைந்தது. பையன்கள் எல்லாரும் மூச்சடக்கி என்னைப் பார்த்தார்கள்.

"நல்ல உதை" என்றேன்.

சன்னலுக்கு அட்டை ஒட்டியிருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை உடனிருக்க இன்னும் ஒரு தகப்பனார் தேவை. கத்தாதவராக இருந்தால் நலம்.

உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை